அக்ஸோரியஸ் அத்தான்

என் தம்பி லண்டனிலிருந்து வரும்போது சொக்லேட், முகத்துக்குப் பூசும் கிறீம், ஆரையம்பதி வெயிலில் ஒருநாளும் போட முடியாத கம்பளிச் சட்டை என்று வழக்கமாக எதையாவது கொண்டுவருவான். இந்த முறை ஒரு சொல்லையும் கொண்டுவந்தான். சொக்லேட் வந்த வேகத்தில் முடிந்தது. கம்பளிச் சட்டை அலுமாரிக்குள் போனது. சொல்தான் வீட்டுக்குள் நடமாடி என் நித்திரையைக் கெடுத்தது.

அவன் வந்தது எங்கள் மகளின் கலியாணத்துக்கு. வந்த அன்று மத்தியானம் எல்லோரும் மேசையில் இருந்து சாப்பிட்டோம். என் கணவர் வழக்கம்போல என் பக்கத்தில் இருந்து, வாவி மீனைப் பிய்த்து, முள்ளையெல்லாம் எடுத்துவிட்டு, சதையை மட்டும் என் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். கலியாணம் முடித்த காலத்திலிருந்து இதுதான் நடக்கிறது. நான் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. கை தானாகத் தட்டின் ஓரத்துக்குப் போகும், மீன் இருக்கும், சாப்பிடுவேன். தம்பி இதைக் கண்டு, பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்திவிட்டான்.

"அத்தான், யூ ஆர் வெரி அக்ஸோரியஸ்" என்றான்.

"தாங்ஸ் தம்பி" என்று சொல்லிவிட்டு இவர் அடுத்த முள்ளை எடுத்தார். புளியந்தீவில் ஒரு கந்தோரில் வேலை பார்க்கிறவர். ஆங்கிலத்தில் யார் எதைச் சொன்னாலும் தாங்ஸ் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அதனாலேயே அவருக்கு எதிரிகள் கிடையாது.

என்னால் அப்படி விட முடியாது. முதலில் அது ஏதோ குளிசையின் பெயர் என்றுதான் நினைத்தேன். சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா என்று கேட்க வாய்கூட எடுத்தேன். ஆனால் தம்பியின் உதடு இடது பக்கமாக ஏறி நின்றது. சின்ன வயதில் பக்கத்து வளவில் மாங்காய் களவெடுத்துவிட்டு நல்ல பிள்ளைபோல வந்து நிற்கும்போதும் அந்த உதடு அப்படித்தான் ஏறும்.

"என்னடா அது?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லக்கா. நல்ல சொல்தான்."

"நல்ல சொல்லெண்டா ஏன்டா வாயக் கோணுறாய்?"

கையைக் கழுவிவிட்டு, மகள் படித்த காலத்து அகராதியை எடுத்துப் புரட்டினேன். இருந்தது. மனைவியிடம் மிதமிஞ்சிய அன்புடைய, மனைவிக்கு அடங்கி நடக்கிற. அவ்வளவுதான் போட்டிருந்தது. படித்ததும் எனக்கு ஒரு பக்கம் குளிர்ந்தது, மறுபக்கம் பற்றிக்கொண்டு வந்தது. அன்பு சரி. அதென்ன மிதமிஞ்சிய? நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். அளவு என்று ஒன்றைச் சொன்னால், எதை வைத்து அளந்தாய் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. நெல்லை அளக்க மரைக்கால் இருக்கிறது. மனிசியில் வைக்கிற அன்புக்கு எந்த வெள்ளைக்காரன் மரைக்கால் செய்து வைத்தான்?

"அக்கா, அங்க அதைச் சும்மா பகிடிக்குத்தான் சொல்லுற" என்றான் தம்பி. "மனிசிக்குப் பின்னாலயே திரியிற ஆம்பிளயளுக்கு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு எண்டு நாமளும் சொல்லுறம்தானே."

"அமிர்தத்துக்குச் சொன்னத மீன்முள்ளுக்குச் சொல்லாத" என்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சரைப் பிடித்தேன். அவர் காத்தான்குடிக்காரி. இடைவேளைக்கு எங்கள் இருவரின் சோற்றுப் பார்சலும் ஒரே மேசையில்தான் அவிழும். சொல்லைச் சொன்னதும் அவர் கண் விரிந்தது.

"அல்லாவே! படிக்கிற காலத்தில பாடமாக்கின சொல்லு டீச்சர். பாவிக்கத்தான் இடம் கிடைக்கல்ல. இஞ்ச ஆரைப் பாத்துச் சொல்லுற? எங்கட மனிசன் சவூதியில இருந்து கோல் எடுத்து, கறிக்கு உப்புக் காணுமா எண்டு கேக்கிறவரு. அங்க இருந்துகிட்டு உப்பப் பத்தி அவருக்கென்ன? அது இதுக்க வருமா?"

வரும் என்றுதான் இருவரும் முடிவெடுத்தோம். பிறகு அவர் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னார். அந்தச் சொல்லை ஒருவரின் முகத்துக்கு நேரே பாராட்டாகச் சொல்வதில்லையாம். பாராட்டுக்குள் ஒரு சின்னக் கிள்ளு இருக்குமாம். புருஷனில் அளவுக்கு மிஞ்சி அன்பு வைக்கிற பெண்ணுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். அதற்கும் ஒரு சொல் பெரிய அகராதிகளில் தூங்குகிறது, மரிட்டோரியஸ், ஆனால் அதை யாரும் எழுப்புவதில்லை என்றார். பெண் அப்படி இருந்தால் அது குணம், ஆண் அப்படி இருந்தால் அது நோய் என்று நினைத்திருக்கிறார்கள் போல.

எங்கள் பக்கத்தில் அந்தக் கிள்ளு ஏன் வலிக்காது என்பதை வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்த வேண்டும். தமிழரோ முஸ்லிம்களோ, மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துக் கலியாணம் முடித்து வைப்பார்கள். மாப்பிள்ளை தன் ஊரில் இருந்து கையில் ஒரு சூட்கேசோடு வந்து பெண்ணின் வீட்டில் குடியிருப்பான். என் கணவரும் உன்னிச்சையில் இருந்து மண்ணிறச் சூட்கேஸ் ஒன்றோடு அப்படித்தான் வந்தார். அவரைப் பார்த்து மனைவி பக்கம் சாய்ந்துவிட்டாய் என்று சொல்வது, வாவிக்குள் நிற்கிற மீனைப் பார்த்து நனைந்துவிட்டாய் என்று சொல்வதைப் போன்றது.

இதைத்தான் வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். வெற்றிக் களிப்பில் கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிவிட்டேன். அவனுக்குப் பொறுக்கவில்லை. முற்றத்தில் நின்று கேற்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த இவரை ஒருமுறை பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்ப அத்தானுக்கு விருப்பம் உன்னிலயா அக்கா, வீட்டிலயா?"

உதடு இடது பக்கம் ஏறியிருந்தது. பகிடிதான். ஆனால் பகிடி போய் விழ வேண்டிய இடத்தில் விழாமல் என் நெஞ்சுக்குள் விழுந்துவிட்டது.

ஏனென்றால் அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. இவர் வருடம் தவறாமல் கேற்றுக்குப் பெயின்ட் அடிப்பவர். கிணற்றடிப் பாசியைத் தானே உரஞ்சிக் கழுவுவார். மாரி மழை இறங்கினால் முதலில் கூரையை அண்ணாந்து பார்ப்பார், பிறகுதான் நீ நனைஞ்சிட்டியா என்று என்னைக் கேட்பார். அந்த வரிசையை இவ்வளவு காலமும் நான் கவனித்ததில்லை. குசினிக் கதவு கிரீச்சிட்டால் அன்றைக்கே எண்ணெய் விடுவார். என் முழங்கால் கிரீச்சிடத் தொடங்கிக் கனகாலம்.

இன்னொன்றும் இருந்தது. மகளின் கலியாணம் முடிந்ததும் எங்கள் வழக்கப்படி இந்த வீடு அவளுக்கு. நானும் இவரும் வளவின் பின்பக்கம், வாவியைப் பார்த்தபடி எழும்பிக்கொண்டிருந்த சின்ன வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு அறை, ஒரு குசினி, தாழ்வாரமாக இறக்கிய ஒரு தகரப் பத்தி. பெரிய வீடு கையை விட்டுப் போன பிறகு இந்த மனிதரிடம் எனக்கென்று என்ன மிஞ்சும்? சிரிக்காதீர்கள். பேரப்பிள்ளை காணப்போகிற வயதில், என் புருஷனுக்கு என்னில்தான் விருப்பமா என்று தெரியாமல் நான் பயந்துபோனேன். முன்னே அடங்கி நடக்கிறார் என்று சொன்னதற்குக் கோபம், இப்போது போதுமான அளவு அடங்கவில்லையோ என்று கோபம். தம்பிக்கு முன்னால் இவர் அக்ஸோரியஸ் இல்லை என்று வாதாடியவள், அறைக்குள் போனதும் ஐயோ, இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

முதல் சோதனை மீனில். "எனக்கு முள்ளோடயே தாங்க. நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்றேன். வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சரி என்று ஒரு முழு மீனைத் தூக்கி என் தட்டில் வைத்தார். மூன்றாவது வாயில் முள் தொண்டையில் குறுக்கே நின்றுவிட்டது. நான் கண் பிதுங்க மேசையைத் தட்டினேன். இவர் சோற்றை உருட்டி உருட்டி என் வாய்க்குள் திணித்தார், மகள் முதுகில் குத்தினாள், தம்பி போனை எடுத்து வீடியோ பிடித்தான். முள் இறங்கியதும் இவர் சொன்ன முதல் வார்த்தை, "பாத்து, கதிரைக் கால் உடஞ்சிரும்." நான் ஆடிய ஆட்டத்தில் கதிரை ஒரு காலில் நின்றிருக்கிறது. எனக்கு அது போதும். வீட்டுத் தளபாடத்தின் மேல்தான் ஆளுக்குக் கண் என்று குறித்துக்கொண்டேன்.

இரண்டாவது சோதனைக்கு மூளையைப் பாவித்தேன். இவரை இந்த வீட்டிலிருந்து பிரித்து, வேறோர் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கலியாணத்துக்குச் சொல்ல உன்னிச்சைக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். இவர் பிறந்த வீட்டில் இப்போது இவருடைய அக்கா இருக்கிறார், அந்த வீடு அவருக்குக் கிடைத்தது. அங்கே போய் இரண்டு நாள் நின்றோம்.

அங்கே என் புருஷன் வேறு ஆள். பாயில் சப்பணம் கட்டி இருந்தார். அக்கா சோறு போட்டார், அக்கா மீன் போட்டார், அக்கா சட்டியோடு எருமைத் தயிரைக் கொண்டுவந்து கவிழ்த்தார். இவர் குனிந்த தலை நிமிராமல் தின்றார். என் தட்டில் குளத்து மீன் முள்ளோடு கிடந்து என்னைப் பார்த்தது. நான் மெதுவாக இருமிக் காட்டினேன். இவர் திரும்பவில்லை. மைத்துனிதான், பெண்களோடு கதைக்கும்போது எங்கள் பக்கத்தில் ஒட்டுகிற ‘கா’வைப் போட்டு, "என்னகா, தடிமலா? மல்லித்தண்ணி அவிக்கட்டா?" என்று கேட்டு ஒரு செம்பு நிறையக் கசப்பைத் தந்தார். சாப்பிட்டதும் இவர், "நீ இரு, நான் வட்டைப் பக்கம் போயிட்டு வாறன்" என்று வயல் பார்க்கப் போய்விட்டார். பொழுது சாயும் மட்டும் ஆளைக் காணவில்லை.

வெளிக்கிடும்போது இன்னொன்றும் கண்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, அந்த வீட்டுக் கதவு நிலையை ஒருமுறை உள்ளங்கையால் தடவிவிட்டுப் படி இறங்கினார். எனக்கு எல்லாம் வெளித்துவிட்டது. இந்த ஆளுக்கு வீடு என்றால் காணும், எந்த வீடானாலும் சரி. அகராதியில் இதற்கு ஒரு சொல் இருந்தால் அதையும் தம்பியிடம் கேட்கலாம் என்று யோசித்தபடி பஸ் ஏறினேன். வழி முழுக்க யன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன்.

"என்னகா, வயித்துக்க ஏதும் செய்யுதா?" என்றார் இவர்.

"ஓம். மல்லித்தண்ணி" என்றேன்.

கலியாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து இறங்கினான். இந்தக் காலத்துச் சூட்கேஸ், சில்லு வைத்தது, முற்றத்து மணலில் உருளமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவன் குளிப்பதற்கு இவர் தன்னுடைய சவர்க்காரத்தை எடுத்துக் கொடுத்தார். அதைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இவருடைய சவர்க்காரம் குழந்தைப்பிள்ளைகளுக்குப் போடுகிறது. இந்த வீட்டுக்கு வந்த காலம் தொட்டு இன்றுவரை அதுதான், வேறு எதுவும் கண் எரியுமாம். தோல் மெல்லிய ஆள் என்று நானும் சலிக்காமல் வாங்கிக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

பிறகு ஒரு நல்ல நாளில் சின்ன வீட்டுக்குக் குடிபூரல் வைத்தோம். பால் காய்ச்ச நேரம் குறித்தாயிற்று. பெரிய வீட்டுக் குசினிக் கதவில் இருந்து பார்த்தால் சின்ன வீடு தெரியும். நடுவில் ஒரு முருங்கை மரம், கொடியில் காயும் துணி, அவ்வளவுதான். நான் இவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுவார், கேற்றைக் கட்டிப்பிடிப்பார், கிணற்றடியில் போய் இருந்துகொண்டு வரமாட்டேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். இவர் கட்டிலுக்குக் கீழே இருந்து அந்தப் பழைய மண்ணிறச் சூட்கேசை இழுத்து எடுத்தார். தூசியைத் தட்டினார். தன் உடுப்பை மடித்து வைத்தார். சோப்புப் பெட்டியை வைத்தார். தூக்கிக்கொண்டு பின்கதவால் இறங்கி, முருங்கை மரத்தைத் தாண்டி, ஒருதரமும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

"வாங்கம்மா, நேரம் போகுது" என்றாள் மகள்.

நான் வெளிக்கிட்டேன். வாசலில் நின்றதும் அகப்பை ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் எடுத்து வந்தேன். பிறகு அரிதட்டு. பிறகு சுவரில் தொங்கிய கலண்டர். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"அம்மா, அது இந்த வீட்டோட சேந்தது."

"கலண்டருமா?"

"அகப்பையும்."

அகப்பையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்தேன். பிடித்த கையை எடுக்க முடியவில்லை. நான் பிறந்தது இந்த வீட்டில். வயதுக்கு வந்தது இந்த வீட்டில், தாலி கட்டியது இந்த வீட்டு முற்றத்தில். வேறொரு கூரைக்குக் கீழே ஒரு மாதம் சேர்ந்தாற்போல் நான் படுத்ததில்லை. ஒரு முருங்கை மரத்துத் தூரம்தான், எனக்கு அது கடல் தாண்டிப் போவதுபோல் இருந்தது. வாய்விட்டு அழத் தொடங்கினேன். தம்பி போனை எடுத்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

இவர் கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்னகா, நிலையப் புடிச்சிட்டு நிக்கிறாய்?"

"கால் வருகுதில்ல."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எனக்குக் கீழே படியில் உட்கார்ந்தார்.

"முதல் தரம் அப்பிடித்தான் இருக்கும்" என்றார். "எனக்கு இது ரெண்டாம் தரம்."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது.

"இஞ்ச வந்த முதல் கிழமை, ஒவ்வொரு நாளும் கிணத்தடியில நிண்டு அழுதனான். ஒருநாள் உங்கட அம்மா கண்டிட்டா. என்ன மருமகன், கண்ணுக்க சவுக்காரம் போயிட்டா எண்டு கேட்டா. ஓம் மாமி எண்டன். மறுநாள் பாத்தா, கண் எரியாத புள்ளச் சவுக்காரம் வாங்கி வெச்சிருக்கா. மறுகா நான் என்ன சொல்லுற?"

நான் மூக்கைத் துடைத்தேன். இத்தனை காலமும் வாங்கிக் கொடுத்த சவர்க்காரம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றது.

"அப்ப ஏன் போகல்ல?"

"போகத்தான் வெளிக்கிட்டன். சூட்கேசையும் அடுக்கிட்டன். நீ குசினிக்க இருந்து வந்து, சாப்பிட்டுட்டுப் போங்க எண்டாய். நான் ஊருக்குப் போயிட்டு வரப்போறன் எண்டு நினைச்சிட்டாய் போல. நீயும் பக்கத்தில இருந்து சாப்பிட்டாய். மீன். முள்ளோட விழுங்கிட்டு, கண் ரெண்டையும் முழிச்சுக்கொண்டு இருந்தாய். முள்ளெடுக்கத் தெரியாத ஒரு ஆள விட்டுட்டு எப்பிடிகா போற?"

"உன்னிச்சையில மட்டும் விட்டுட்டுப் போனீங்களே?"

"அக்காட வீட்டில நான் உனக்கு முள்ளெடுத்தா, தான் வெச்ச மீன் சரியில்ல எண்டு நினைக்க மாட்டாவா?"

"அப்ப கேற்? கிணத்தடி? கூரை?"

"உன்ர வீடெண்டுதானே பாத்தன். இனி அவள்ர மாப்பிள பாப்பான். ஆளுக்கு நான் சவுக்காரமும் குடுத்திட்டன். வா, பால் பொங்கிரும்."

எழும்பிக் கையை நீட்டினார். நிலையை விட்டு அந்தக் கையைப் பிடித்தேன். படி இறங்குவதற்கு முன், ஒருமுறை, உள்ளங்கையால் நிலையைத் தடவினேன்.

அன்று மத்தியானம் சின்ன வீட்டில் முதல் சாப்பாடு. மேசை இன்னும் வரவில்லை, தகரப் பத்திக்குக் கீழே பாய் விரித்து இருந்தோம். நான் என் தட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, இவருடைய மீனை எடுத்துப் பிய்த்தேன். முள் என்று கண்டதையெல்லாம் எடுத்தேன். சதையை உருட்டி இவர் தட்டின் ஓரத்தில் வைத்தேன். எதிரே இருந்த தம்பி வாய் திறந்தான்.

"அக்கா, இதுக்கும் இங்கிலீஷில ஒரு சொல்..."

"தெரியும். அது தூங்குது, எழுப்பாத. சோத்தத் தின்" என்றேன்.

பழக்கமில்லாத கை. முள் இருந்திருக்கிறது. இவர் விழுங்கினார், நின்றார், கண் இரண்டும் வெளியே வந்தது. நான் பதறிச் சோற்றை உருட்டித் திணித்தேன், தம்பி முதுகில் குத்தினான், பெரிய வீட்டில் இருந்து மகளும் மருமகனும் ஓடி வந்தார்கள். ஒருவழியாக இறங்கியது. இவர் தண்ணீர் குடித்தார், கண்ணைத் துடைத்தார், நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

பிறகு தட்டை என் பக்கம் தள்ளி, "இன்னொரு துண்டு வை" என்றார்.